ஒன்பதாங்கட்டையில் இருபத்தேழு நிமிடம்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் ஃபிட்டர் ராஃபேலை எனக்குத் தெரியும். சீட்டாட்டத்தில் கூசாமல் பொய் சொல்வார். மீன் பிடித்த கதை சொன்னால் சாண் மீன் முழ மீனாகிவிடும். இந்த ஒன்றில் மட்டும், எத்தனை முறை கேட்டாலும், ஒரு நிமிடம்கூட மாறியதில்லை. அதே 5.36. அதே 5.47. சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவுவார்.

நடந்தது 1951 நவம்பரில், மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தின் நான்காம் வருஷம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அதனால் இனி அவன் என்றே சொல்கிறேன்.

கோலா சிலாங்கூரிலிருந்து பதினாலு கட்டை உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். ஒரு கட்டை என்பது ஒரு மைல். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். ஏழு மணிக்கு மேல் ரோட்டில் எது அசைந்தாலும் சுடலாம் என்று உத்தரவு. ராஃபேல் அந்தத் தோட்டத்து ஃபிட்டர். ஆள் இல்லாத நாளில் டிரைவரும் அவன்தான்.

அன்று காலையிலேயே அவன் மனைவி டொரீனுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். மத்தியானம் தாண்டியும் குழந்தை இறங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சுப்பிரமணியம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். துண்டில் கையைத் துடைத்தார். துண்டு முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"ரத்தம் நிக்கல ராஃபேல். இங்க என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கோலா சிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஏழு மணிக்குள்ள சேத்துட்டா ரெண்டு உசுரும் தப்பிக்கும்."

தோட்டத்து லோரி கிள்ளானுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது வெள்ளைக்கார மேனேஜரான துரையின் கார் ஒன்றுதான். துரை லீவில் இருந்தார். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த நல்ல மனசுக்கு ராஃபேல் கடைசிவரை அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடுவான்.

அந்தக் காரை எல்லோரும் இரும்புக் கார் என்பார்கள். துப்பாக்கியோடு காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் ரோட்டோரம் மறைந்திருந்து துரைமார்களைச் சுட்ட காலம் அது. அதனால் காரின் நாலு பக்கமும் கனத்த இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். அடித்தவனே ராஃபேல்தான். அரை டன் எடை கூடிவிட்டது. வில்லாக வளைந்திருந்த ஸ்பிரிங் பட்டைகள் பலகை மாதிரி நிமிர்ந்துபோயின. அன்று முதல் காரில் என்ன கோளாறு வந்தாலும் தோட்டத்தில் ஒரே பதில்தான். ஒரு பக்கமாக இழுக்கிறதா? தகட்டுக் கனம். குழியில் விழுந்தால் முதுகெலும்பு நொறுங்குகிறதா? தகட்டுக் கனம்.

ஒரு வாரமாக அந்தக் காரின் ஸ்டீயரிங் நாலு விரல் அகலத்துக்குச் சும்மா சுற்றியது. அதற்குப் பிறகுதான் சக்கரம் திரும்பியது. குழியில் இறங்கும்போதெல்லாம் முன்னால் அடியில் எங்கோ 'டக்... டக்' என்றது. இது ஸ்பிரிங் சத்தம் அல்ல, ஏதோ ஒரு மூட்டுக் கழல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவன் ராஃபேல். அவனும் தகட்டுக் கனம் என்றே சொல்லிவிட்டான். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவன் காது மந்தமாகிவிட்டது. வேறென்ன சொல்ல.

4.40க்கு டொரீனைப் பின்சீட்டில் படுக்க வைத்தான். கதவைச் சாத்தினான். இரும்பின் கனத்தில் கீல்கள் தொங்கிப்போன கதவு அது. 'க்ரீஈஈச்' என்று பன்றி கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டுத்தான் திறக்கும், மூடும். லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும்.

கேட்டில் நிறுத்திவிட்டார்கள். சோதனை. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்று கெடுபிடி. துணியைச் சுருட்டி வயிறுபோலக் கட்டி, அதற்குள் அரிசியை வைத்து யாரோ ஒருத்தி முன்பு மாட்டியிருந்தாள். அதிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் அவிழ்த்துப் பார்க்காமல் விடுவதில்லை. சோதனைக்கு நின்ற நாகமணி அழுதுகொண்டே பின்கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சிரு டொரீனு. உத்தரவு. பாக்காம விட்டா என் வேல போயிரும்."

"சீக்கிரம் பாரு அக்கா," என்றாள் டொரீன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ராஃபேலின் டூல் பெட்டியையும் இறக்கிவிட்டார்கள். பாஸ் இல்லாமல் கருவிகள் வேலியைத் தாண்டக் கூடாதாம். அவன் காலில் விழாத குறை. கேட்கவில்லை. சீட்டுக்கு அடியில் கிடந்த பெரிய திருப்புளியும் ஜாக்கிக் கம்பியும் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த மட்டில் தப்பித்தது.

5.05க்குக் கேட்டைத் தாண்டினான். செம்மண் பாதை. முதல் நாள் மழையில் ஊறிக் குழி குழியாகக் கிடந்தது. வேகமாகப் போனால் டொரீன் துடித்தாள். மெதுவாகப் போனால் அவன் துடித்தான். கட்டைக் கல்லை எண்ணிக்கொண்டே ஓட்டினான். பதிமூணு. பன்னிரண்டு. பதினொன்று. இரண்டு பக்கமும் முற்றிய ரப்பர் மரங்கள். வெயில் இருந்தும் பாதையில் வெளிச்சம் இல்லை.

"என்னங்க... இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தாச்சு, வந்தாச்சு. மாதாவ வேண்டிக்கிட்டே இரு."

பத்தாம் கட்டை தாண்டியது. ஒரு பெரிய குழி. 'டக்' என்றது. பிறகு 'டம்' என்று இன்னொன்று. ஸ்டீயரிங் அவன் கையில் அப்படியே சுழன்றது. சக்கரம் திரும்பவில்லை. கார் தன்பாட்டுக்கு இடது பக்கம் தண்ணீர் ஓடும் காணை நோக்கிப் போனது. பிரேக்கில் ஏறி நின்றான். காணுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. ஒன்பதாம் கட்டைக் கல் பக்கத்திலேயே இருந்தது.

மணி பார்த்தான். 5.36.

ஓட்டமாக ஓடினாலும் தோட்டத்துக் கேட் சாத்துவதற்குள் போய்ச் சேர முடியாது. டவுனோ ஒன்பது மைல். டொரீனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவான்? நிற்பதோ துரையின் இரும்புக் கார். காட்டிலிருந்து யார் பார்த்தாலும் முதலில் சுடுவது அதைத்தான். ராஃபேல் தலையில் அடித்துக்கொண்டான். அழுகையும் வந்தது. அழ நேரமில்லை.

காருக்கு அடியில் புகுந்தான். தகட்டுக் கனத்தில் வண்டி தாழ்ந்திருந்தது. நெஞ்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கால்கள் மட்டும் இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம்வரை ஐந்து மூட்டுகள். எல்லாவற்றிலும் செம்மண் அப்பியிருந்தது. இருட்டில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. பட்டறையில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டுவான். கீழே படுத்திருப்பவன் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்ப்பான். கெட்டுப்போன மூட்டு உள்ளங்கைக்குள் துள்ளும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போக?

மேலே டொரீன் ஒரு அலறல் அலறினாள். ராஃபேல் எழப் போய்ச் சட்டத்தில் நெற்றியை மோதிக்கொண்டான். அலறல் நின்றது. மணி 5.44.

"டொரீன்... டொரீன்!"

பதில் இல்லை. மரங்களில் சிள்வண்டு கத்திக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது.

"டொரீனு!"

"ம்..."

உயிர் வந்தது அவனுக்கு. பிறகு அவன் கேட்டதை நினைத்து நினைத்துத்தான் ஆயுள் முழுக்க அழுதான். வேறு வழியில்லாமல் கேட்டான்.

"தங்கம்... எப்படியாச்சும் முன்னால வந்து ஸ்டீயரிங்க லேசா ஆட்ட முடியுமா? ஒரே நிமிசம். இல்லாட்டி நாம போக முடியாது..."

"ம்."

காத்திருந்தான். கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் க்ரீச் வரவே இல்லை.

ஸ்டீயரிங் அசைந்தது. 5.47.

இடது. வலது. இடது. வலது. அவசரமில்லாமல், அளவாக... பத்து வருஷம் பட்டறையில் இருந்தவன் ஆட்டுவதுபோல. டொரீன் ஒருநாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

இன்னொன்றும் அவன் மனதில் பட்டது. ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும். ஒரு விரலாவது வண்டி இறங்கும். சட்டம் அவன் மூக்குக்கு மேலேதான் இருந்தது.

இறங்கவில்லை.

சீட்டுக்குப் பின்னாலிருந்தே எட்டிப் பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். நினைக்கத்தான் நேரம் இருந்ததா? ஒன்று, இரண்டு, மூன்று என்று மூட்டுகளைத் தடவினான். நான்காவது மூட்டு கைக்குள் துள்ளியது.

நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிண்ணம். அதற்குள் ஒரு இரும்புக் குண்டு. குண்டு வெளியே வராமல் ஒரு திருகு மூடி. மூடி கழலாமல் அதன் குறுக்கே, செருகி நுனியை வளைத்துவிடும் இரட்டைக் கால் கம்பி, ஒரு ஸ்பிளிட் பின். பின் இல்லை. மூடி பாதி கழன்று, குண்டு வாய்வரை வந்து நின்றது. போன மாதம் இதே மூட்டைப் பிரித்துப் பூட்டியது ராஃபேல்தான். சாமான் தட்டுப்பாடு. வளைத்த பின்னையே நிமிர்த்தி மறுபடியும் மாட்டியிருந்தான். ஒரு முறை வளைத்ததைத் திரும்பப் போடாதே என்பது ஃபிட்டர்களுக்கு முதல் பாடம். அந்த நேரத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். டொரீனுக்கு வலி வந்த நாளில் ஒடிந்தது அவன் போட்டது.

"பாவி, பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஜாக்கிக் கம்பியைக் கொடுத்து நெம்பினான். "வலது பக்கம் திருப்பு... இன்னும்... இன்னும் கொஞ்சம்..." குண்டு 'களுக்' என்று கிண்ணத்துக்குள் இறங்கியது. "போதும்! அப்படியே பிடிச்சுக்க. விட்டுடாத."

ஸ்டீயரிங் அந்த இடத்திலேயே நின்றது. மயிரிழை அசையவில்லை.

மேலே ஏதோ பூனைக்குட்டிபோலச் சிணுங்கியது. உடனே அடங்கிவிட்டது. காட்டுப் பூனையாக இருக்கும்...

திருப்புளியால் மூடியை இறுக்கினான். ஓட்டை நேராக வந்தது. பின் வேண்டும். ஆணிகூட இல்லை. "ஒரு ஊசி இருந்தாப் போதுமே... ஒரு கொண்டை ஊசி..." என்று வாய்விட்டுப் புலம்பினான்.

இடது பக்கம், அவன் இடுப்பருகே, ஒரு கை உள்ளே வந்தது.

விரல்களுக்கு நடுவே கொண்டை ஊசி.

வாங்கினான். விரல் பட்டது. ஐஸ் பெட்டியில் வைத்த மீன்போலச் சில்லென்று இருந்தது. வளையல் சத்தம் இல்லை. மணி 5.58.

ஊசியைச் செருகினான். நுனியை வளைத்தான். அப்போதும் ஸ்டீயரிங் வலது பக்கமே இறுக்கிப் பிடித்தபடி இருந்தது.

"விடு. முடிஞ்சிருச்சு."

ஸ்டீயரிங் தளர்ந்தது.

வெளியே வந்தான். முன்சீட்டில் யாரும் இல்லை. பின்கதவு மூடியிருந்தது. தகட்டுக்குள் இருட்டு.

"படுத்துட்டியா?"

"ம்."

"வலி?"

"இல்ல..."

6.03க்குக் கார் நகர்ந்தது.

ஸ்டீயரிங்கில் இப்போது ஆட்டமே இல்லை. இரும்புக் கார் அவ்வளவு லேசாக ஓடி அவன் பார்த்ததில்லை. வளைவுகளில் அவன் திருப்புவதற்கு முன்பே திரும்புவதுபோல இருந்தது. பின்னால் டொரீன் மெல்ல ஏதோ முனகினாள். இல்லை, முனகல் இல்லை... தாலாட்டு. ராகம் மட்டும். வார்த்தை இல்லை.

வலி விட்டிருக்கிறது என்று நினைத்தான். மாதாவுக்கு நன்றி சொன்னான். திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஏனோ... திரும்பவில்லை.

6.40க்கு டவுன் தடுப்பு. போலீஸ்காரன் விளக்கைப் பின்சீட்டுக்கு அடித்தான். "ரெண்டு பேர், ஆஸ்பத்திரிக்கு," என்றான் ராஃபேல் மலாயில். போலீஸ்காரன் உள்ளே பார்த்தபடியே நின்றான். பிறகு விளக்கைத் தாழ்த்தி, தடுப்பைத் தானே ஓடிப்போய்த் தூக்கினான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

தாலாட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. எஞ்சினை நிறுத்தினான். அதுவும் நின்றது. 6.52.

நர்ஸ் முரியல் ஓடிவந்து பின்கதவை இழுத்தாள். 'க்ரீஈஈச்...'

டொரீன் மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. மார்பில், அவள் சேலைத் தலைப்பில் சுற்றியபடி ஒரு பெண் குழந்தை. தூங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது.

முரியல் டொரீனின் கையைத் தொட்டாள். உடனே விட்டாள். குழந்தையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"தொப்புள் கொடிய யாரு அறுத்தது?"

"எனக்குத் தெரியாது சிஸ்டர்..."

"முடிச்சுப் போட்டு அறுத்திருக்கு. சுத்தமா அறுத்திருக்கு. யாரு செஞ்சா?"

காரில் கத்தி இல்லை. பிளேடு இல்லை. அவர்கள் தேடிப் பார்த்தார்கள்.

டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார். ராஃபேலின் தோளில் கை வைத்துச் சொன்னார். குழந்தை பிறந்ததுமே தாய் இறந்துவிட்டாள். உடம்பு ஆறிப்போய்விட்டது. எப்படிப் பார்த்தாலும் ஆறு மணிக்கு முன்னால்.

"இல்ல டாக்டர். இப்ப, இந்த வாசல்ல, பாடிக்கிட்டே வந்தா."

முரியல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ராஃபேல் காருக்குப் போனான். பின்சீட்டு முழுக்க ரத்தம். முன்சீட்டில் ஒரு சொட்டு இல்லை. பின்சீட்டில் சாய்ந்து, ஸ்டீயரிங்கை நோக்கித் தன் கையை நீட்டிப் பார்த்தான். அவனுக்கே எட்டவில்லை. டொரீன் அவன் தோளுயரம். அங்கேயே, அந்த ரத்தத்திலேயே உட்கார்ந்து அழுதான். அவளை அவன்தான் கொன்றான் என்று தோன்றியது. ஒரு காசுக்குப் பெறாத ஒரு பின். அதை யார் சொல்லி மாற்ற முடியும்?

குழந்தைக்கு யூஜினியா என்று பெயர் வைத்தான். தோட்டத்தை விட்டான். கோலா சிலாங்கூரில் ஒரு சின்னப் பட்டறை போட்டான். புதுப் பின் இல்லாமல் ஒரு மூட்டையும் பூட்டி அனுப்பமாட்டான். வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஐந்து வருஷம் ஆனது. அர்ஜுனன் என்று ஒரு லோரிக்காரன் வந்தான். ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றான். முன்பு பால்மரம் சீவியவன், காட்டுக்குள் போய், பிறகு போலீஸில் சரணடைந்து வந்தவன் என்று டவுனில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏறி உக்காந்து லேசா ஆட்டுங்க," என்று சொல்லிவிட்டு ராஃபேல் அடியில் புகுந்தான்.

ஸ்டீயரிங் இரண்டு முறை அசைந்தது. நின்றுவிட்டது.

"ஆட்டுங்களேன்."

அசையவில்லை. அர்ஜுனன் கீழே இறங்கி, வெளியே நீட்டியிருந்த ராஃபேலின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே... ஒன்பதாங்கட்டையில... இரும்புக் காருக்கு அடியில படுத்திருந்தது நீங்களா?"

ராஃபேல் மெதுவாக வெளியே வந்தான்.

"நாங்க பதினோரு பேரு இருந்தோம் அண்ணே. மரத்துக்குப் பின்னால. இருபது கஜம்கூட இல்ல. துரைன்னு நெனச்சோம். துப்பாக்கியத் தூக்கியாச்சு. சுடுன்னு சொல்லியாச்சு."

"ஏன் சுடல?"

"யாருக்கும் விரல் மடங்கல. உங்க கால்கிட்ட ஒரு அம்மா நின்னாங்க. இடுப்புக்குக் கீழ சேல முழுக்க ரத்தம். கையில பச்சப் பிள்ள. எங்களையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கண்ணு இமைக்கல. அப்புறம் வாயில விரல வச்சு, உஷ்...னு காட்டினாங்க. பிள்ள தூங்குது, சத்தம் போடாதீங்கங்கற மாதிரி. நாங்க அப்படியே பின்னாலயே நடந்து போயிட்டோம்."

ராஃபேல் லோரியின் ஸ்டீயரிங்கைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப... ஸ்டீயரிங்க யாரு பிடிச்சிருந்தா?"

அர்ஜுனன் தரையைப் பார்த்தான்.

"ஒரே நேரத்துல, ரெண்டு எடத்துலயும்... அதுவும் அவங்கதான் அண்ணே."